4எல்60-இ கியர்பாக்ஸ்: டிரெய்லர் இழுக்கும்போது 3வது கியர் வழுக்குகிறது, பி1870 கோடும் வருகிறது. பிரித்துச் சரி செய்வதா, 4எல்80-இ போடுவதா?

கேட்டவர்:
வணக்கம். வண்டி 2003 ஷெவர்லே சில்வராடோ 1500. 5.3 லிட்டர் வி8 இன்ஜின், 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின் ஆக்சில் 3.73. பழைய வண்டியாக வாங்கியது. முன்பு வைத்திருந்தவர் எப்படி ஓட்டினார், எண்ணெய் மாற்றினாரா என்பதெல்லாம் தெரியாது. சுமை ஏற்றினால் 2,500 கிலோ வரும் டிரெய்லரை இழுப்பதுதான் இதன் முக்கிய வேலை.

முதலில் நீண்ட ஏற்றங்களில் ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை அசைக்காமலே ஆர்பிஎம் 200, 300 கூடும், வேகம் கூடாது. அப்புறம் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது, கோட் பி1870 (கியர்பாக்ஸ் உள்ளே வழுக்குகிறது என்பதற்கான கோட்). அதிலிருந்து 1லிருந்து 2க்கு மாறும்போது பின்னாலிருந்து யாரோ மோதியது போல அடிக்கிறது. இப்போது 2லிருந்து 3க்குப் போகும்போது இன்ஜின் வெறுமனே சீறிவிட்டுத்தான் பிடிக்கிறது. சுமையோடு ஏற்றத்தில் 3 சில நேரம் பிடிப்பதே இல்லை. ரிவர்ஸ், 1, 2 மூன்றும் நன்றாக இருக்கின்றன.

ஒரு பட்டறையில் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். இன்னொருவர் வழுக்கலை நிறுத்தும் மருந்து ஒன்றை எண்ணெயோடு ஊற்றிப் பார்க்கச் சொல்கிறார். உண்மையில் உள்ளே எது போயிருக்கிறது? இதே கியர்பாக்ஸைப் பலப்படுத்தினால் டிரெய்லருக்குத் தாங்குமா, அல்லது இதைவிடப் பலமான 4எல்80-இக்கே போய்விடலாமா?

கியர்பாக்ஸ் மெக்கானிக்:
தம்பி, மருந்து எதுவும் ஊற்றாதீர்கள். மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

எண்ணெய் நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில், இன்ஜின் ஓடும்போது, பார்க்கில் வைத்து டிப்ஸ்டிக் பாருங்கள். அளவு, நிறம், வாசனை மூன்றும் வேண்டும். அடுத்து ஸ்கேன் டூலில் கோடை அழித்துவிட்டு டிரெய்லர் இல்லாமல் ஓட்டி, லாக்-அப் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைக்கும் கிளட்ச்) ஸ்லிப், அதாவது வழுக்கல், எவ்வளவு, எண்ணெய் வெப்பம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். கோடை அழிப்பது முக்கியம். அது இருக்கும்வரை கணினி லாக்-அப்பையே அனுமதிக்காது, ஸ்லிப்பை அளக்க முடியாது. கடைசியாக ஆயில் பேனைக் கழற்றி, அடியில் என்ன தங்கியிருக்கிறது, காந்தத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள்.

1-2 அடி அடிக்கிறது என்றீர்களே, அது தனிப் பழுது இல்லை. பி1870 விழுந்ததும் கணினி கிளட்சுகளைக் காப்பாற்ற லைன் பிரஷரை (கிளட்சுகளை அழுத்தும் எண்ணெய் அழுத்தத்தை) உச்சத்துக்கு ஏற்றிவிடும். அந்த அழுத்தம்தான் அடியாகத் தெரிகிறது.

கேட்டவர்:
நன்றி சார். எண்ணெய் அளவு சரியாக இருக்கிறது, ஆனால் பழுப்பு நிறம், தீய்ந்த வாசனை. முழு லாக்-அப் கொடுத்த பிறகும் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்லிப் 250 ஆர்பிஎம் சுற்றியே நிற்கிறது. டிரெய்லரோடு ஏற்றத்தில் முன்பு ஒருமுறை பார்த்த எண்ணெய் வெப்பம் 120 டிகிரி செல்சியஸ். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரைத் தவிர வேறு கூலர் இல்லை. பேனில் கறுப்புச் சேறு ஒரு படலமாகப் படிந்திருக்கிறது, தேய்த்தால் நார் மாதிரி வருகிறது. காந்தத்தில் மாவு போல இரும்புத்தூள், பெரிய துண்டு எதுவும் இல்லை.

கியர்பாக்ஸ் மெக்கானிக்:
இதுவே போதும். இரண்டு பழுது இருக்கிறது, முதலாவதுதான் இரண்டாவதைக் கொண்டுவந்திருக்கிறது.

முதலாவது லாக்-அப். இன்ஜின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு கிளட்ச் இருக்கிறது. அது முழுதாகப் பிடித்தால் இன்ஜினும் கியர்பாக்ஸும் நேராக இணைந்துவிடும், எண்ணெயைக் கலக்கிச் சூடாக்கும் வேலை நின்றுவிடும். அந்தக் கிளட்சுக்குப் போகும் அழுத்தத்தை வால்வு பாடியில் (எண்ணெய் அழுத்தத்தைப் பங்கிடும் பகுதி) உள்ள ஒரு ரெகுலேட்டர் வால்வு கட்டுப்படுத்துகிறது. சொலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) துடிக்கத் துடிக்க அந்த வால்வும் அலுமினியத் துளைக்குள் ஓயாமல் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருக்கும். நாளடைவில் துளை தேய்ந்து அழுத்தம் கசிய ஆரம்பிக்கும். கிளட்ச் அரைகுறையாகப் பிடித்து வழுக்கும். இந்தக் கியர்பாக்ஸில் பி1870 வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தத் துளையைத்தான். வழுக்கினால் சூடு, அந்தச் சூட்டிலேயே உள்ளே இருக்கும் எல்லா கிளட்சும் ஊறுகிறது.

இரண்டாவது, 3-4 கிளட்ச். எந்தக் கியர் போயிருக்கிறது என்பதே உள்ளே எது போனது என்று சொல்லிவிடும். 1க்கு ஃபார்வர்டு கிளட்ச் வேண்டும். 2க்கு அதோடு பேண்ட் (டிரம்மைச் சுற்றியுள்ள பட்டை) இறுகும். 3க்கு ஃபார்வர்டோடு 3-4 கிளட்ச். 4க்கு 3-4 கிளட்சும் பேண்டும். ரிவர்ஸ் வேறு இரண்டு கிளட்சில் ஓடுகிறது. உங்களுக்கு 1, 2, ரிவர்ஸ் மூன்றும் நன்றாக இருப்பதால் பம்ப், ஃபார்வர்டு கிளட்ச், பேண்ட் மூன்றின் மேலும் பெரிய சந்தேகம் இல்லை. 2, 4, ரிவர்ஸ் மூன்றும் ஒன்றாகப் போய், 1ம் 3ம் மட்டும் ஓடியிருந்தால் சன் ஷெல் (சன் கியரைச் சுழற்றும் உலோகக் கூடு) உடைந்தது என்று சொல்லியிருப்பேன். இது அது இல்லை.

உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, வண்டி காலியாக, கியர்பாக்ஸின் வலப்பக்கம் இருக்கும் வட்டமான மின் கனெக்டரைப் பிடுங்குங்கள். மின்சாரம் இல்லாவிட்டால் இந்தக் கியர்பாக்ஸ் டிரைவில் 3வது கியரில்தான் நிற்கும், அழுத்தமும் உச்சத்தில் இருக்கும். மெதுவாகக் கிளப்பிப் பாருங்கள். அந்த அழுத்தத்திலும் வழுக்கினால் 3-4 கிளட்சின் தட்டுகள் முடிந்தன, சொலினாய்டையும் கணினியையும் குறை சொல்ல இடமில்லை. சில மீட்டர் போதும், நீட்டிக்க வேண்டாம். கோடுகள் விழும், அப்புறம் அழித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வாசகர்:
எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றி, கூடவே ஒரு ஷிஃப்ட் கிட் (கியர் மாற்றத்தை இறுக்கமாக்கும் உதிரிபாகத் தொகுப்பு) போட்டுப் பார்க்கலாமே? பேன் கழன்றுதானே இருக்கிறது. கியர்பாக்ஸை இறக்குவது பெரிய வேலை.

கியர்பாக்ஸ் மெக்கானிக்:
கிளட்ச் தட்டில் லைனிங் (உராய்வுப் பூச்சு) மீதி இருந்தால் அது நல்ல யோசனைதான். இவருடைய பேனில் இருக்கும் கறுப்பு நாரே அந்த லைனிங். இல்லாத லைனிங்கை எந்த எண்ணெயும் திருப்பித் தராது. பேனைக் கழற்றினால் வெளியே வருவது சுமார் 5 லிட்டர், மொத்தக் கொள்ளளவு 10 லிட்டருக்கு மேல். மீதி அழுக்கு கன்வெர்ட்டரிலும் கூலரிலும்தான் இருக்கும். ஷிஃப்ட் கிட் என்பது புது கிளட்ச் நீண்ட நாள் உழைப்பதற்கானது.

டிரெய்லர் இழுக்கும் இன்னொருவர்:
4எல்80-இ பற்றி நான் சொல்கிறேன், நான் மாற்றியிருக்கிறேன். பலத்தில் இரண்டையும் ஒப்பிடவே வேண்டாம், 80-இ கனரக வண்டிகளுக்கென்றே செய்தது. ஆனால் கழற்றி மாட்டினால் முடிந்தது என்ற வேலை இல்லை. அது நீளமும் எடையும் கூடியது. டிரைவ் ஷாஃப்டைக் குறுக்க வேண்டும், கியர்பாக்ஸைத் தாங்கும் கிராஸ்மெம்பரை நகர்த்த வேண்டும், வயரிங்கை மாற்ற வேண்டும், கணினியில் புது நிரல் ஏற்ற வேண்டும்.

பலர் கவனிக்காத இன்னொன்று: முதல் கியர். 60-இயில் 3.06, 80-இயில் 2.48. உங்கள் 3.73 ஆக்சிலோடு பெருக்கினால் இப்போது 11.4 கிடைக்கிறது, மாற்றிய பிறகு 9.25தான். சுமையோடு ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். 4.10 ஆக்சில் போட்டாலும் 10.2க்குத்தான் வரும். நான் ஆக்சிலையும் சேர்த்து மாற்றினேன். என் சுமை உங்களுடையதைவிட மிக அதிகம், அதனால் எனக்கு அது சரியாக இருந்தது. 2,500 கிலோவுக்கு 60-இயை ஒழுங்காகக் கட்டி, நல்ல கூலர் போட்டாலே போதும் என்பது என் கருத்து.

கேட்டவர்:
கனெக்டரைப் பிடுங்கிப் பார்த்தேன். வண்டி நகரவே தயங்கியது, இன்ஜின்தான் சீறியது. 3-4 தட்டுகள்தான். இருப்பதையே பிரித்துக் கட்டுவதாக முடிவு செய்துவிட்டேன். டிரெய்லருக்காக எதெல்லாம் கட்டாயம் மாற்ற வேண்டும், எது வீண் செலவு?

கியர்பாக்ஸ் மெக்கானிக்:
நல்ல முடிவு. குதிரைத்திறனுக்காகக் கட்டுபவர்களின் பட்டியலைப் பார்த்து வாங்காதீர்கள். உங்கள் எதிரி சூடு, அதைக் குறைப்பதில்தான் செலவு போக வேண்டும்.

வால்வு பாடி முதலில். தேய்ந்த துளையைப் பெரிதாக்கி அதற்கேற்ற பெரிய வால்வு போடலாம், அல்லது அப்படிச் சரிசெய்த வால்வு பாடியை வாங்கலாம். எதுவானாலும் அந்தத் துளையில் வாக்குவம் சோதனை (காற்றை உறிஞ்சிக் கசிவு பார்ப்பது) செய்து பார்த்த பிறகே மாட்டச் சொல்லுங்கள்.

கன்வெர்ட்டரை மாற்றியே ஆக வேண்டும். இவ்வளவு நாள் வழுக்கிய லாக்-அப் லைனிங் கருகித்தான் இருக்கும், அழுக்கும் உள்ளே அடைந்திருக்கும். புதியது வாங்கும்போது ஸ்டால் வேகம் (வண்டி நிற்கும்போது கன்வெர்ட்டர் இன்ஜினை ஏற விடும் அதிகபட்ச ஆர்பிஎம்) அதிகமுள்ளதை யாராவது சிபாரிசு செய்தால் மறுத்துவிடுங்கள். டிரெய்லருக்கு அது சூட்டைத்தான் கூட்டும். ஸ்டால் குறைந்ததும், லாக்-அப் கிளட்ச் பலமானதும்தான் வேண்டும்.

3-4 கிளட்ச் விஷயத்தில் தட்டை மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. அது ஏன் எரிந்தது என்று பார்க்க வேண்டும். டர்பைன் ஷாஃப்டில் இருக்கும் டெஃப்லான் வளையங்கள் வெடித்திருக்கலாம், டிரம்மில் உள்ள செக் பால் கசியலாம், பிஸ்டன் சீல் சூட்டில் இறுகியிருக்கலாம். எது இருந்தாலும் புதுத் தட்டும் அதே வழியில் போய்விடும். டிரம்மைச் சேர்த்து முடித்ததும் எண்ணெய் போகும் துளையில் காற்று செலுத்தி, கிளட்ச் திடமாகப் பிடிக்கிறதா, எங்காவது காற்று சீறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே இறக்க வேண்டும். தட்டுகளுக்கு இடையே விடும் இடைவெளியைக் கையேட்டின்படி அளந்தே வைக்க வேண்டும்.

கடினப்படுத்திய சன் ஷெல், புது பேண்ட், 2வது கியருக்குப் பெரிய சர்வோ (பேண்டை இறுக்கும் பிஸ்டன்), பம்பில் பலமான வளையங்கள். பெட்டி திறந்திருக்கும்போதே இவற்றையும் போட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஆழமான அலுமினிய பேன் கிடைத்தால் போடுங்கள், இல்லாவிட்டாலும் குறை இல்லை.

கூலரில் விட்டுக்கொடுக்காதீர்கள். ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரில் பழைய லைனிங் தூள் தங்கியிருக்கும். குழாய்களை அழுத்தத்தில் கழுவ வேண்டும். கழுவியும் ஓட்டம் குறைவாக இருந்தால் ரேடியேட்டரையே மாற்ற வேண்டும். 30 வினாடியில் சுமார் 2 லிட்டர் திரும்பி வந்தால் ஓட்டம் சரி. ரேடியேட்டருக்கு முன்னால் அடுக்குத் தகடு வகைக் கூலர் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். எண்ணெய் முதலில் ரேடியேட்டர் கூலருக்குப் போய், அப்புறம் இதில் ஆறி, கியர்பாக்ஸுக்குத் திரும்பட்டும். திரும்பும் குழாயில் ஒரு ஃபில்டரும் இருக்கட்டும்.

கேட்டவர்:
பிரித்தாகிவிட்டது. 3-4 தட்டுகள் கன்னங்கரேல், இரும்புத் தட்டுகளில் நீலப் புள்ளிகள். டர்பைன் ஷாஃப்ட் வளையம் ஒன்று வெடித்திருந்தது. வாக்குவம் சோதனையில் ரெகுலேட்டர் துளை துளியும் பிடிக்கவில்லை. நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது சார். மாட்டும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கியர்பாக்ஸ் மெக்கானிக்:
கன்வெர்ட்டர். அது மூன்று படியாக உள்ளே இறங்கும்: டர்பைன் ஷாஃப்ட் பல், ஸ்டேட்டர் பல், பம்ப். சுழற்றிக்கொண்டே தள்ளினால் ஒவ்வொன்றாக விழுவது கைக்குத் தெரியும். மூன்றும் விழாமல் கியர்பாக்ஸை இன்ஜினோடு போல்ட் போட்டு இழுத்தால் பம்ப் உடைந்துவிடும். போல்ட் இறுக்கிய பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (இன்ஜினின் பின்புறம் சுழலும் தகடு) அதற்கும் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இன்ஜின் பிளாக்கில் உள்ள வழிகாட்டி ஊசிகள் இரண்டும் இடத்தில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இல்லாமல் ஏற்றினால் பம்ப் சீல் சீக்கிரமே போய்விடும்.

எண்ணெய் டெக்ஸ்ரான் 6 போடுங்கள், பழைய டெக்ஸ்ரான் 3 கேட்ட கியர்பாக்ஸுக்கும் இதுதான் சரி. ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஸ்கேன் டூலில் ஷிஃப்ட் அழுத்தக் கற்றலை அழித்துவிடுங்கள். தேய்ந்த கிளட்சுக்காகக் கணினி பழகி வைத்த அளவுகள் புது கிளட்சுக்குப் பொருந்தாது.

கேட்டவர்:
வண்டி ஓடுகிறது. லாக்-அப் பிடித்ததும் ஸ்லிப் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறது. 2-3 மாற்றம் கைக்கே தெரியாமல் நடக்கிறது. அதே ஏற்றத்தில், அதே சுமையோடு, டோ-ஹால் (சுமை இழுக்கும்போது போடும்) பொத்தானைப் போட்டு 3லேயே வைத்து ஏறினேன். எண்ணெய் வெப்பம் 93 டிகிரியைத் தாண்டவில்லை. இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் எண்ணெய் மாற்றத்தை எப்போது செய்யலாம்?

கியர்பாக்ஸ் மெக்கானிக்:
ரொம்ப சந்தோஷம் தம்பி. 1,000 கிலோமீட்டர் ஓடியதும் பேனைக் கழற்றி, எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், குழாயில் போட்ட ஃபில்டரையும் சேர்த்து. காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பூச்சு இருக்கும், புதுப் பாகங்கள் பழகுவதால் வருவது, பயப்பட வேண்டாம். மினுமினுப்பான துகளோ கறுப்பு நாரோ தெரிந்தால் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு இங்கேயே எழுதுங்கள்.