ஏர் இன்டேக்கில் ஆயில்: வேலூர்ப் பக்கத்து வண்டிகளில் கண்டவை

சத்துவாச்சாரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) உள்ள டீசல் கார் வைத்திருக்கும் எவரும் ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் டர்போவுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயைக் கழற்றினால், உட்சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருப்பதைக் காண்பார். சென்ற கோடையில் என் வண்டியிலும் அது இருந்தது. மெல்லிய படலமாக அல்ல, குழாயின் வளைவில் தேங்கி, சாய்த்தால் ஒழுகும் அளவுக்கு இருந்தது. சர்வீசுக்கு விட்ட இடத்தில் டர்போவையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதற்கு ஒப்புக்கொள்ளாமல், எங்கள் தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் ஓட்டிச் சென்றேன்.

அவர் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்பே டார்ச் அடித்து ஒன்றைக் காட்டினார். ஏர் ஃபில்டர் பக்கமிருந்த குழாய் உலர்ந்திருந்தது. இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து வரும் பிரீதர் ஹோஸ் (இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாய்) எந்த இடத்தில் வந்து சேருகிறதோ, அங்கிருந்துதான் ஈரம் தொடங்கியது. டர்போவுக்கு முன்னாலேயே எண்ணெய் இருக்கும்போது டர்போவை ஏன் குற்றம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கேள்வி. பிறகு டர்போவின் தண்டை விரலால் அசைத்துப் பார்த்தார். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருந்தது, அது இயல்பே. முன்னும் பின்னும் ஆட்டம் இல்லை, இறக்கைகள் உறையில் உரசிய தடமும் இல்லை. கடைசியாக ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை இழுத்தபோது ஆயில் மேல் கோட்டைத் தாண்டி வெகுதூரம் நின்றது. முந்தைய சர்வீசில் அளவுக்கு மீறி ஊற்றியிருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். பிஸ்டன் ரிங்குகள் எவ்வளவு நன்றாக இருந்தாலும், எரியும் வாயுவில் ஒரு சிறு பங்கு அவற்றைத் தாண்டிக் கீழே, இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். அங்கே சுழலும் கிராங்க் தண்டு கிளப்பும் எண்ணெய்த் துளிகளையும் நீராவியையும் சேர்த்துக்கொண்டு அந்த வாயு வெளியேற வழி தேடும். அந்த வழிதான் பிரீதர். சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயில் மட்டம் ஏறிவிட்டால் கிராங்க்கின் எடைக்கட்டைகள் ஆயிலில் நேராகவே அடித்து அதை நுரையாக்கிவிடும், அந்த நுரை வாயுவோடு சேர்ந்து டர்போவின் வாய்க்குள் போகும். மிகுதி ஆயிலை வடித்து, டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவி மாட்டியதோடு வேலை முடிந்தது. பிரீதர் வாயுவிலுள்ள எண்ணெயைப் பிடித்து வைக்கும் டப்பாவான கேட்ச் கேன் மாட்டலாமா என்று நான் கேட்டதற்கு, "எங்கிருந்து வருதுன்னு பாக்காம டப்பா மாட்டி இன்னா சார் ஆவப் போவுது?" என்றார்.

துகள் வடிகட்டி உள்ள பிஎஸ்-6 டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு செய்தி. காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் இடையில் சிறு ஓட்டங்களாகவே ஓட்டினால், வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்யும் வேலை பாதியில் நின்று, அதற்காகச் செலுத்தப்பட்ட டீசல் சம்ப்பில் இறங்கி ஆயில் மட்டத்தைத் தானாகவே உயர்த்தும். யாரும் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

வேலூர் மருத்துவமனைகளுக்கு நோயாளிகளை அழைத்துச் செல்லும் வாடகை வண்டி என்னுடையது. மூன்றாம் கையாக வாங்கிய பழைய டீசல். முன்பு வைத்திருந்தவர், இன்டேக்கில் எண்ணெய் வரக் கூடாது என்பதற்காக, பிரீதர் ஹோஸைப் பிடுங்கிவிட்டு அதன் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்துக் கிளிப் போட்டு இறுக்கியிருந்தார். இன்டேக் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியேற வழியில்லாத அழுத்தம் கிராங்க் ஆயில் சீலைத் தள்ளி, கியர்பாக்ஸ் சேரும் இடத்திலிருந்து ஆயில் சொட்டியது. வேகமாக ஓட்டினால் டிப்ஸ்டிக் தானாக மேலெழும்பி நிற்கும். சீலை மாற்ற கியர்பாக்ஸையே இறக்க வேண்டும் என்பதால் கூலி எவ்வளவு ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். பிரீதரை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடிக்குச் சற்று முன்னால் எனக்கு முன் போன வேன் ஒன்று திடீரென்று புகையைக் கக்கிக்கொண்டு, நின்ற இடத்திலேயே உச்ச வேகத்தில் உறுமியது. ஓட்டுநர் சாவியைக் கழற்றிக் கையில் வைத்திருக்கிறார், இன்ஜின் நிற்கவில்லை. இன்டேக்கில் வந்த சொந்த ஆயிலையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு டீசல் இன்ஜின் ஓடும்போது, டீசலை நிறுத்திப் பயன் இல்லை. அருகிலிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் ஏறி, பிரேக்கை அழுத்தி மிதித்து, வண்டியை உயர்ந்த கியரில் போட்டு, கிளட்சைச் சட்டென்று விட்டு அதை அணைத்தார். ஆட்டோமேட்டிக் வண்டியில் இந்த வழி பலிக்காது. அதில் காற்று உள்ளே போகும் வாயை அடைக்க வேண்டும். அதையும் ஒருபோதும் வெறுங்கையால் முயலக் கூடாது.

ஆம்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

பெட்ரோல் வண்டிக்காரர்களுக்கு ஏலகிரி மலைப்பாதை நல்ல சோதனைக்களம். 14 கொண்டைஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இறங்கும்போது, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் உறிஞ்சல் மிக அதிகமாக இருக்கும். அடிவாரத்தில் பொன்னேரி அருகே ஆக்சிலரேட்டரை மிதித்ததும் என் காரின் பின்னால் நீலப்புகை எழும்பும். கிராங்க்கேஸ் வாயுவை இன்டேக்குக்கு அளந்து விடும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்கினேன். உள்ளே கிலுகிலுவென்று அசைய வேண்டிய முள் பிசினில் ஒட்டித் திறந்த நிலையிலேயே நின்றிருந்தது. உறிஞ்சல் கூடும்போது வழியைக் குறுக்குவதே அந்த முள்ளின் வேலை. அது செயலிழந்ததால் எண்ணெய் ஆவி தடையின்றி உள்ளே போயிருக்கிறது. புது வால்வு போட்ட பிறகு புகை இல்லை. காலையில் முதன்முறை ஸ்டார்ட் செய்யும்போதும் புகை வந்தால் வால்வு தண்டு சீலையும் சந்தேகிக்க வேண்டும் என்று மெக்கானிக் சொன்னார்.

இதே எண்ணெய், சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜின்களில் இன்னும் தொல்லை தரும். பழைய முறையில் பெட்ரோல் இன்டேக் வால்வுகளின் முதுகைக் கழுவிக்கொண்டே இருந்தது. இப்போது கழுவ ஆள் இல்லாததால் அங்கே கரி கட்டிக்கொள்கிறது.

ராணிப்பேட்டையிலிருந்து ஓர் உறுப்பினர்:

சிப்காட் அருகே லேத் பட்டறையில் வேலை செய்கிறேன். அலுமினியத்தில் கேட்ச் கேன் கடைந்து கொடுத்திருக்கிறேன். எல்லாக் காரணங்களையும் சரிபார்த்த பிறகும் எண்ணெய் வருகிறது என்று உறுதியானவர்களுக்கே செய்து கொடுப்பேன். கேட்டு வருபவர்களிடம் முதலில் ஆயில் மூடியைத் திருகித் தளர்த்தி ஐடிலில் ஓட விடச் சொல்வேன். மூடி துள்ளிக் குதித்துப் புகை விசிறி அடித்தால் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது பிரீதர் அடைபட்டிருக்கலாம். கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்காமல் கேன் மாட்டுவது வீண். அழுக்கேறிய ஏர் ஃபில்டரும் ஒரு காரணம்தான்: காற்று திணறினால் டர்போ பிரீதரிலிருந்து கூடுதலாக இழுக்கும். சாலைப் பணி நடக்கும் புழுதியில் தினமும் ஓடுகிறவர்கள் ஃபில்டரை மாற்றப் புத்தகத்தில் போட்ட கிலோமீட்டருக்குக் காத்திருக்க வேண்டாம்.

கடையில் விற்கும் மலிவான கேன்களில் பல வெறும் டப்பாக்கள். உள்ளே தடுப்புத் தகடு இல்லாவிட்டால் ஆவி ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் அப்படியே போய்விடும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணிப்பவர்கள் உண்டு. அதில் ஓர் இழை கழன்றால் நேராக டர்போவுக்குள் போகும். நான் துளையிட்ட இரு தகடுகளுக்கு இடையில் வலையை இறுக்கி வைப்பேன். ஹோஸின் உள்விட்டம் கம்பெனி ஹோஸைவிடக் குறையக் கூடாது, எண்ணெய்க்குத் தாங்கும் ரப்பராக இருக்க வேண்டும், நடுவில் தொய்ந்து எண்ணெய் தேங்கக் கூடாது. இடம் எது என்பதுதான் நம் ஊரில் பெரிய விஷயம். கத்திரி வெயிலில், எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் மாட்டிய கேனில் ஆவி குளிர்ந்து துளியாகாமல் கடந்து போய்விடும். முன்புறம் காற்றுப் படும் இடத்தில் மாட்டினால் அதே கேன் நிறையப் பிடிக்கும்.

கேனின் வெளிவாயை இன்டேக்கோடுதான் இணைக்க வேண்டும். திறந்து விட்டால் வண்டிக்குள் நாற்றம் வரும், மாசுக் கட்டுப்பாட்டு விதியையும் மீறியதாகும். காற்று அளவிடும் சென்சார் உள்ள பெட்ரோல் வண்டியில் கலவையும் கெடும். வாரண்டி உள்ள வண்டியில் கேன் மாட்டச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சத்துவாச்சாரி உறுப்பினர்:

கேனில் சேர்வதை மறுபடி இன்ஜினில் ஊற்றலாமா என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. அதில் நீரும் எரியாத எரிபொருளும் அமிலமும் கலந்திருக்கும். மார்கழிக் காலையில் திறந்தால் மோர் நிறத்தில் குழம்பாக இருக்கும். பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள், சாக்கடையில் கொட்ட வேண்டாம்.