தடம் ஏன் பர்செல்வில்லில் நிற்கிறது?

குடும்பக் குழு
ஞாயிறு மாலை

அக்கா: பர்செல்வில் பக்கம் W&OD தடத்தில், அதாவது வர்ஜீனியாவில் பழைய ரயில் பாதையில் போட்ட நடை-சைக்கிள் தடத்தில் நடந்துவிட்டு, எல்லோரும் ஆஷ்பர்ன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்களா? அப்பாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

அம்மா: முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. வாய்தான் ஓயவில்லை. தடம் பர்செல்வில்லோடு முடிந்துவிட்டதே என்று, காரில் ஏறியதிலிருந்து "மிச்ச லைன் எங்கே, மிச்ச லைன் எங்கே" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

அப்பா: ரயில்வேயில் தலை நரைத்தவன் கேட்காமல் வேறு யார் கேட்பது? பர்செல்வில் ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்த்தவுடனேயே சொன்னேன், ரயில் இதோடு நின்றிருக்காது என்று. எதிரே மலை தெரிகிறது. மலையைக் கண்ட ரயில்காரன் அங்கே போகாமல் விடுவானா?

நான்: அப்பா சொன்னது சரிதான். 1900-இல் அந்த லைன் மலையடிவாரத்துப் புளூமாண்ட் வரை போய்விட்டது. அதுவரை அந்த ஊருக்கு ஸ்னிக்கர்ஸ்வில் என்று பெயர். வாஷிங்டன் வெயிலுக்குத் தப்பி வருகிறவர்களை இழுக்க வேண்டுமே, பெயரை மாற்றிவிட்டார்கள்.

சித்தப்பா (மதுரை): புளூமாண்ட் என்றால் நீலமலை. அதாவது நீலகிரி! நம் நீலகிரிக்கு இன்னும் ரயில் ஏறுகிறது, அண்ணா.

அப்பா: ஏறுகிறது, தம்பி. இங்கே பர்செல்வில்லுக்கு மேற்கே 1939-இலேயே லைனைக் கைவிட்டார்கள். மீதி ரயில் 1968-இல் நின்றது. பேரன் படித்துக் காட்டினான்.

அத்தான்: அந்த மீதிதான் இப்போது நாம் நடக்கிற தடம், மாமா. 45 மைல் நீளம், 100 அடி அகலம். வர்ஜீனியாவின் மிக ஒல்லியான பூங்கா என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அப்பா: மாப்பிள்ளை, அதே ரயில், அதே லைன். 1968-இல் நின்றது தடமாகிவிட்டது, 1939-இல் நின்றது ஏன் ஆகவில்லை?

நான்: 1968-இல் நிலத்தின் பெரும்பகுதியை மின்சார நிறுவனம் வாங்கியது. தலைக்கு மேல் போகிறதே உயர் அழுத்தக் கம்பி, அதற்காக. நிலம் துண்டாகாமல் கிடந்ததால் பூங்கா ஆணையம் அதை வாங்கித் தடம் போட முடிந்தது. 1974-இல் ஃபால்ஸ் சர்ச் ஊரில் முதல் துண்டு; பர்செல்வில்லுக்கு வந்து சேர 1988 ஆயிற்று.

அப்பா: இதுதான் விஷயம். கம்பி காப்பாற்றியிருக்கிறது. நம் மதுரை-போடி ரயில் லைனை எடுத்துக்கொள். 2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்தினார்கள். போடிக்கு மறுபடி ரயில் வர 2023 ஆயிற்று. பன்னிரண்டு வருடம் ஊரே திட்டியது. ஆனால் நிலம் ரயில்வே கையை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் இன்றைக்கு அந்த இடத்தில் திருமண மண்டபம்தான் இருக்கும்.

சித்தப்பா (மதுரை): இரண்டு மண்டபம்.

அத்தான்: கைவிடுகிற லைனைத் தடமாகப் பாதுகாத்து வைக்க இங்கே 1983-இல் சட்டமே வந்தது, மாமா. 1939-இல் ஏது?

அக்கா: சரி, இப்போது வேலையைப் பேசலாமா? மேற்கே ரவுண்ட் ஹில் வரையாவது தடத்தை நீட்டுங்கள் என்று லவுடன் கவுண்டிக்கு, அதாவது நம் மாவட்ட நிர்வாகத்துக்கு, எழுதலாம் என்று சொன்னேனே. மூன்று மைல்தான். குழந்தைகள் சைக்கிளில் வர அந்தப் பக்கம் நம்பிக்கையான வழியே இல்லை.

அத்தான்: எழுதலாம். ஆனால் தார்ப் பாதை மட்டும் கேட்போம். குதிரைக்குத் தனிச் சரளைப் பாதை என்றால் அகலம் கூடும், நிலம் கூடும், செலவும் கூடும். பேச்சு அங்கேயே படுத்துவிடும்.

அக்கா: மேற்கு லவுடனில் உட்கார்ந்துகொண்டு குதிரை வேண்டாம் என்றால் யார் கையெழுத்துப் போடுவார்கள்? அங்கே வேலிக்கு வேலி குதிரை நிற்கிறது. இங்கே வர்ஜீனியாவில் இருக்கிற வியன்னாவிலிருந்து பர்செல்வில் வரை 32 மைலுக்குச் சரளைப் பாதை கொடுத்தவர்கள், குதிரை இருக்கிற பக்கம் வந்ததும் நிறுத்துவதா?

அம்மா: குதிரைப் பேச்சு வந்ததே வந்தது, இன்று நடந்ததை உங்கள் அப்பாவே சொல்லட்டும்.

அப்பா: அது சின்ன விஷயம்.

அம்மா: சின்ன விஷயமா? பியோனியன் ஸ்பிரிங்ஸ் தாண்டி ஒரு பெண் குதிரையில் வருகிறாள். இவர் மரியாதையாக ஓரம் ஒதுங்கி நின்றார். நின்றவர் சும்மா இருந்தாரா? தூறல் விழுகிறது என்று குடையை "டப்" என்று விரித்தார். குதிரை இரண்டு காதையும் பின்னால் மடக்கிக்கொண்டு, நான்கு காலும் ஒரே சமயத்தில் பக்கவாட்டில் தாவியது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்பா: அந்தப் பெண் கோபிக்கவில்லை. "ஏதாவது பேசுங்கள், குரல் கேட்டால் மனிதர் என்று அதற்குப் புரியும்" என்றாள். நான் "வாப்பா, ராஜா, ஒன்றும் இல்லை" என்றேன். காது நிமிர்ந்தது. தமிழ் புரிந்துகொண்டது.

அத்தான்: சைக்கிளுக்கும் அதே விதிதான். நடப்பவருக்குச் சைக்கிள் வழிவிட வேண்டும், குதிரைக்கு எல்லோரும் வழிவிட வேண்டும். நானும் பின்னால் வரும்போது மணியை அடிக்காமல் குரல்தான் கொடுப்பேன்.

அக்கா: நின்ற இடத்தில் ஒரு குடைக்கே அவ்வளவு மிரண்டது. உங்கள் சைக்கிள் கூட்டம் வருகிற வேகத்தில் ஒரே தாரில் குதிரையையும் விட முடியுமா? சரளைப் பாதை தனியாக வேண்டும் என்பதற்கு வேறு காரணம் வேண்டுமா?

அத்தான்: சரி, ஒப்புக்கொள்கிறேன். இடம் கிடைக்கிற பகுதியில் சரளைப் பாதையும் சேர்த்து என்று எழுது.

அப்பா: இன்னொன்றும் எழுது. ரயில் ஏற முடியாத ஏற்றத்தில் லைன் போட மாட்டார்கள். அதனால்தான் என் முழங்கால் இன்று பேசாமல் இருந்தது. சாலை ஓரமாகவே நீட்டினால் மேடும் பள்ளமும் அப்படியே வரும். பழைய லைன் மண்மேடு எங்கெங்கே மிச்சம் இருக்கிறதோ, அந்த நிலத்துக்காரர்களிடம் முதலில் பேசச் சொல். இன்றைக்குக் கட்டப் பணம் இல்லாவிட்டாலும் துண்டு துண்டாகவாவது வழியுரிமையை வாங்கி வைக்கட்டும்.

நான்: புளூமாண்ட் வரை என்று கேட்டால் என்ன? அதற்கு மேல் மலைக் கணவாயில் அப்பலாச்சியன் தடமே, அந்த நெடுந்தூர மலை நடைபாதையே, குறுக்கே போகிறது.

அக்கா: அதில் சைக்கிளுக்கும் குதிரைக்கும் இடமில்லை, நடை மட்டும்தான். முதலில் ரவுண்ட் ஹில். கடிதத்தை இரவு எழுதி இங்கே போடுகிறேன். அப்பா, நீங்கள் ஒரு வரைபடம் போட்டுக் கொடுங்கள்.

அப்பா: பேரனிடம் அளவுகோல் கேட்டிருக்கிறேன். அடுத்த ஞாயிறு ரவுண்ட் ஹில் பக்கம் போய் மண்மேட்டை நேரில் பார்த்துவிடலாம்.

அம்மா: போகலாம். குடை என் கையில் இருக்கும்.