வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளையள் ஊர்ப் பிள்ளையளுக்குக் கட்டி அனுப்பின பெட்டி: பிரிச்ச ஆக்கள் எழுதுங்கோ

கோண்டாவிலான்:
லண்டனில இருந்து வந்த பெட்டி. அங்கத்தைத் தமிழ்ப் பள்ளிப் பிள்ளையள் சேர்ந்து கட்டினது, உங்களுக்குத் தெரிஞ்ச வகைதான்: ஆளுக்கொரு பை, பைக்குள்ள சப்பாத்து, சொக்ஸ், பென்சில், கையால கீறின வாழ்த்து மட்டை. முல்லைத்தீவுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்டில குடுபட்டது. திங்கக்கிழமை காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில நிண்ட நாலாம் வகுப்புப் பெடியன் ரெண்டு எட்டு முன்னுக்கு வைச்சான், ஒரு சப்பாத்தின்ர அடி நிலத்திலயே நிண்டிட்டுது. பாவிக்காத சப்பாத்து, விலைச்சீட்டுக்கூடக் கழட்டேல்லை. அவன் குனிஞ்சு அந்த அடியை எடுத்துக் காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள ஒளிக்கப் பார்த்தான். புகேல்லை.

காரணம் இதுதான். பாரமில்லாத, பஞ்சு மாதிரி அமுங்கிற அடியள் கனக்க பொலியூரித்தேன் எண்ட பிளாஸ்ரிக் வகை. காத்தில இருக்கிற ஈரம் அதை உள்ளால அரிக்கும். போட்டு நடந்தாத்தான் தேயும் எண்டில்லை, அலுமாரிக்குள்ள நாலைஞ்சு வருசம் சும்மா கிடந்தாலே பழுது. பிறகு கப்பல் கொள்கலனுக்க வெயிலில 50 பாகைக்கு மேல வெக்கை, வந்து இறங்கினா எங்கட ஈரக்காத்து. கட்டுறதுக்கு முதல் அடியை ரெண்டா வளைச்சு, வளைவில நகத்தால அமத்திப் பாருங்கோ. மெல்லிய வெடிப்போ மாவு மாதிரித் தூளோ தெரிஞ்சால் அனுப்பாதேங்கோ. ரப்பர் அடி பாரம், ஆனா இப்பிடி உதிராது. எட்டு வயசுப் பிள்ளை செய்யக்கூடிய சோதனை இது. கட்டுற மேசையில ஒரு பிள்ளைக்கு இந்த ஒரு வேலையை மட்டும் குடுக்கலாம்.

வடமராட்சி ரீச்சர்:
அடி கழன்றது பிறகு வந்த கதை. அளவு சரியாக வந்ததா? பெரும்பாலும் வராது, ஏனென்றால் "தரம் 4" என்பதை வைத்து எட்டு ஒன்பது வயது என்று கணக்குப் போட்டு வாங்குகிறார்கள். அளவு எண் ஐரோப்பாவில் ஒன்று, அமெரிக்காவில் ஒன்று, இங்கே ஒன்று. எண்ணை நம்பாமல் சென்ரிமீற்றரை நம்புங்கள். சப்பாத்துப் பெறப்போகும் பிள்ளையை வெறுங்காலோடு ஏ4 தாளில் நிற்க வைத்து, பென்சிலை நேராகப் பிடித்து இரண்டு பாதத்தையும் வரையுங்கள். பின்னேரம் வரைவது நல்லது, அப்போது பாதம் சற்று விரிந்திருக்கும். பெரிய பாதத்தின் நீளத்தோடு 1 செ.மீ. கூட்டுங்கள், ஒரு வருடம் போட வேண்டுமென்றால் ஒன்றரை. அதற்கு மேல் கூட்டினால் குதி கழன்று கொப்பளம் வரும். தாளின் மூலையில் ஒரு இலக்கம் போதும், பெயர் வேண்டாம். வெள்ளையா கறுப்பா என்பதும் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் மாறும், கேட்டு எழுதுங்கள்.

கொப்பியும் அப்படித்தான். கனடாக் கொப்பி மூன்று ஓட்டையோடு வேறு அளவில் வருகிறது, இங்கே உள்ள கோப்பில் அடங்காது. கணிதத்துக்குச் சதுரக் கோடு வேண்டும், சின்ன வகுப்பு ஆங்கிலத்துக்கு நாலு கோடு வேண்டும். பெட்டியில் வருவதெல்லாம் ஒரே கோடு. அங்குலம் மட்டும் போட்ட அடிமட்டம் ஒரு கட்டு எங்கள் அலுமாரியில் இன்னும் கிடக்கிறது, வேண்டியவர்கள் எடுக்கலாம்.

ஸ்காபரோ அப்பா:
ரீச்சர், நீங்கள் சொல்லுற எல்லாம் சரி. ஆனா கடைசியில எல்லாரும் "காசை அனுப்பு" எண்டுதான் வந்து நிப்பியள். காசு எண்டால் இங்க கனடாவில பிள்ளைக்கு அது அப்பாவின்ர போனில ஒரு தட்டு. தன்ர கையால ஒண்டை எடுத்து வைச்சாத்தான் அதுக்குப் பிடிபடும். ஐ.நா. சிறுவர் நிதியம் யுனிசெப்பின்ர உண்டியலே 1950இல பிலடெல்பியாவில பிள்ளையள் வீடு வீடாகப் போய்ச் சேர்த்ததில தொடங்கினது. பிள்ளையின்ர கையில பெட்டி இருந்தது, அதுதான் அதின்ர பலம்.

போன முறை இங்க ஒரு மண்டபத்தில பை கட்டேக்க ஆறு வயசுப் பிள்ளை ரெண்டு பென்சில் பெட்டியைத் தூக்கிப் பிடிச்சு "இந்தப் பிள்ளைக்கு எந்த நிறம் பிடிக்கும்?" எண்டு கேட்டுது. பத்துப் பன்னிரண்டு பெரியாக்கள் நிண்டவை. ஒருத்தருக்கும் பதில் இல்லை. ஒருத்தர் "ரெண்டையும் வை" எண்டார்.

கோண்டாவிலான்:
அண்ணை, உண்டியல் பிள்ளையின்ர கையில இருந்தது உண்மை. அதுக்குள்ள விழுந்தது சில்லறைக் காசு. பென்சில் பெட்டி இல்லை.

கைதடி அக்கா:
பெட்டிச் சண்டையை விடுங்கோ, பிறந்தநாள் சாப்பாட்டைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை. வெளிநாட்டில ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள், இங்க சிறுவர் இல்லத்தில மதியச் சாப்பாடு. நல்ல மனசோட செய்யிறதுதான். ஆனா அந்தப் பிள்ளை வீடியோவில பார்க்க வேணும் எண்டினம். யாழ்ப்பாணத்தில மதியம் 12.30 எண்டால் ரொறன்ரோவில கோடையில விடியப்புறம் 3 மணி, பனிக்காலத்தில 2 மணி. பிள்ளை எழும்பிற 7.30 இங்க பின்னேரம் 5 மணி, பனிக்காலம் எண்டால் 6. ஒரு இல்லத்தில 11 மணிக்குக் கட்டின பார்சலை 5 மணிவரைக்கும் அடுக்கி வைச்சிருந்தவை. வாழ்த்துப் பாட்டுப் பாடேக்க வீடியோ இழுபட்டு, இஞ்சை பாடி முடிஞ்ச பிறகு அங்க கை தட்டுறது கேக்குது. முன் வரிசையில இருந்த சின்னன் ஒண்டு பார்சலின்ர நூலை அவிழ்க்கிறதும் கட்டுறதுமா இருந்தது.

சமைச்ச சாப்பாடு 2 மணித்தியாலத்துக்கு மேல வெளியில கிடக்கப்படாது. கிடந்த சோத்தில ஒரு கிருமி பெருகும், அது விடுற நஞ்சு திருப்பிச் சூடாக்கினாலும் போகாது. அதால சாப்பாடு சாப்பாட்டு நேரத்துக்கு. வீடியோ வேணுமெண்டால் பின்னேரத் தேத்தண்ணியோட ஒரு கேக்கை வெட்டுங்கோ, அது அவ்வளவு கெதியாக் கெடாது. 40 பிள்ளையளுக்கு ஆளுக்கு 150 கிராம் அரிசி எண்டு 6 கிலோ, கோழியும் 6 கிலோ காணும். அதுக்கு மேல வாறது மிச்சம். ஞாயிறு, தைப்பொங்கல், சித்திரை வருசம் எண்டால் ஒரே நாளில மூண்டு பேர் சாப்பாடு தருவினம், புதன்கிழமை ஒருத்தரும் இல்லை. முதல்ல இல்லத்தின்ர நாட்காட்டியைக் கேளுங்கோ. நாள் நிரம்பியிருந்தால் பருப்பு, சோப்பு, பெண் பிள்ளையளுக்கு நப்கின்.

படம் எடுக்கிறதுக்கு இல்லப் பொறுப்பாளர் ஓமெண்டால் காணாது. இல்லங்கள் மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்துக்குக் கீழ. அங்க கேட்டுத்தான். முகம் தெரியப் பதிவு போடாதேங்கோ. கை, தட்டு, கோலம் எதையாவது எடுங்கோ.

சுன்னாகம் புத்தகக்கடை:
ஸ்காபரோத் தம்பி, பிள்ளை கையால தெரிய வேணும், அவ்வளவுதானே? தெரியட்டும். பெட்டியில இல்லை, பட்டியலில. ஆரும் கேக்கேல்லை, எண்டாலும் எழுதிறன்.

முதல்ல எது வேண்டாம் எண்டு பார்க்க வேணும். பாடப்புத்தகம் 1980இல இருந்து அரசாங்கம் சும்மா குடுக்குது, சீருடைத் துணி 1993இல இருந்து. அதுகளை வாங்கிக் காசைக் கரைக்காதேங்கோ. துணி கிடைச்ச வீட்டில முட்டுப்படுறது தையல் கூலி. ஆனா தையல் கூலிக்கு உதவினோம் எண்டு ஒருத்தரும் பதாகை கட்டிறதில்லை, படத்தில வடிவா வராதெல்லோ.

வகுப்பாசிரியரிட்டைப் பட்டியல் எடுங்கோ. ஆரம்பப் பிரிவு, 30 பிள்ளை எண்டு வைப்பம். ஆளுக்கு 80 பக்க ஒற்றைக் கோடு 6, சதுரக் கோடு 2, நாலு கோடு 1. மொத்தம் 180, 60, 30. டசினில 15, 5, மூண்டாவது இரண்டரை வருது, 3 டசினா எடுங்கோ. மிஞ்சிற 6 கொப்பி ரீச்சரின்ர மேசையில இருக்கட்டும், தவணை நடுவில புதுசா வந்து சேருற பிள்ளைக்கு உதவும். இந்தப் பெருக்கலை அங்க இருக்கிற பிள்ளை செய்யட்டும். விலையை நாங்கள் அனுப்புறம், கூட்டிப் பார்க்கட்டும். ஒரு பவுண் அண்டைக்கு எத்தினை ரூபா எண்டு பார்த்து மாத்தட்டும். காசு முட்டுப்பட்டால் எதை வெட்டிறது எண்டு பிள்ளை முடிவெடுக்கட்டும், தாய் தகப்பன் இல்லை. கொப்பி உறையில என்ன நிறம் எண்டதையும் கடையில நிண்டு வீடியோவில காட்டலாம். ஆனா வகுப்பில எல்லாருக்கும் ஒரே மாதிரி. அரைவாசிப் பேருக்கு மினுங்கிற உறையும் மற்றவைக்கு வெறும் உறையும் குடுத்த ஒரு நாள் கடை வாசலுக்கே சண்டை வந்தது.

மார்கழி கடைசியில வராதேங்கோ, கடை நிரம்பி வழியும். கார்த்திகையில சொல்லி வைச்சால் மொத்த விலை. பில்லைப் பள்ளிக்கூடத்தின்ர பேரில போடுங்கோ, ஒரு பிரதி அங்க, ஒண்டு இங்க. சக்கரம் வைச்ச பை கேக்காதேங்கோ, மணல் ஒழுங்கையில பிள்ளை அதைத் தூக்கித்தான் கொண்டு போகும், வெறும் பையே பாரம்.

இல்லை, பெட்டிதான் கட்டுவம் எண்டால்: சோப்பை பிஸ்கற்றோட வைக்காதேங்கோ, மணம் ஏறினால் மாடும் தின்னாது. கிரயோன் உருகி ஒட்டும், கலர் பென்சில் எண்டால் பயமில்லை. பற்பசை குழாய் ஒவ்வொண்டும் தனிப் பையில. பெட்டி மூடியின்ர உள்பக்கம், உள்ளுக்கு என்ன இருக்கு எண்ட பட்டியலை ஒட்டுங்கோ.

குறிகட்டுவான் கரை:
குறிகட்டுவான் இறங்குதுறையில இருந்து படகில நெடுந்தீவுக்கு எண்டால் பெட்டி ஆளுயரத்துக்கு இருக்கப்படாது. ஒரு ஆள் தோளில வைச்சுப் படகில இறங்கிற அளவு, கூடினால் 15 கிலோ. உள்ளுக்கு ஒரு பொலித்தீன் சுத்து. வாடைக் காத்துக் காலத்தில ஒரு மணித்தியால ஓட்டம் முழுக்க அலை அடிக்கும், நனைஞ்ச கொப்பியைக் காய வைக்கலாம், எழுத ஏலாது.

ஐந்து சந்தி:
எல்லாரும் வாறதைப் பற்றியே எழுதுறியள். இங்கயிருந்து போறதும் இருக்கு. 2024 பங்குனியில இலங்கை அரசாங்கம் பலஸ்தீனத்தின்ர காசாப் பகுதிப் பிள்ளையளுக்காகக் காசாச் சிறுவர் நிதியம் தொடங்கினது, இப்தார் விருந்துக்கு ஒதுக்கின காசையும் அதுக்கு விட்டவை. 10 லட்சம் டொலர் பலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. முகவரகத்துக்குப் போனது. அந்த நேரம் சந்திப் பக்கம் கடையொண்டில வைச்ச பெட்டிக்குள்ள ஒரு பெடியன் 20 ரூபாக் குத்தியைப் போடாமல் விரலில பிடிச்சுக்கொண்டு, "இது அங்க செல்லுமோ?" எண்டு கேட்டான். கடைக்காரர், இங்க வங்கியில மாத்தித்தான் போகும் எண்டு சொன்ன பிறகுதான் போட்டான்.

பிள்ளையளோட சேர்க்கிற ஆக்கள் அந்தக் கேள்விக்கு முதலே பதில் வைச்சிருக்க வேணும். இலங்கையில இருந்து தனியாள் வெளிநாட்டுக்குக் காசு அனுப்பிறதுக்கு 2017ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்துக்குக் கீழ கட்டுப்பாடு இருக்கு, அதால இங்கயே கணக்கு வைச்சிருக்கிற நிதியத்துக்குத்தான் போடலாம். பெட்டிக்குப் பூட்டு, ரெண்டு பேர் முன்னால எண்ணுறது, வங்கிச் சீட்டைப் பெட்டி இருந்த இடத்திலயே ஒட்டுறது. பள்ளிக்கூடத்துக்குள்ள சேர்க்கிறதெண்டால் வலயக் கல்விப் பணிமனையைக் கேட்டிட்டு. கொண்டுவராத பிள்ளையின்ர பேர் எந்தக் கொப்பியிலயும் விழப்படாது.

வடமராட்சி ரீச்சர்:
நன்றிக் கடிதத்தையும் சொல்லி விடுகிறேன். ஒரு கட்டுக்குள் 28 கடிதம், எல்லாவற்றிலும் "மிகவும்" என்பதில் ஒரே எழுத்துப் பிழை. கரும்பலகையில் எழுதிப் போட்டதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளை அதில் எதைப் படிக்கும்? நன்றி கேட்காதீர்கள். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் வழியைப் படமாகக் கீறச் சொல்லுங்கள், பனை எங்கே, நாய் நிற்கிற வீடு எங்கே, எல்லாம் போடுவார்கள். அங்கிருந்தும் அதே மாதிரி ஒன்று வரட்டும். ஊர்ப் பெயர், முழுப்பெயர், போன் இலக்கம் மூன்றையும் பொறுப்பாளர் அழித்து விட்டு அனுப்ப வேண்டும், இரண்டு பக்கமும்.

ஸ்காபரோ அப்பா:
பட்டியல் எனக்கு ஓகே, கடைக்கார அண்ணை. ஆனா சப்பாத்து உங்கட கடையில இல்லையே. பள்ளிக்கூடத்தில பாதம் கீறின தாளை ஆருக்கு அனுப்பச் சொல்லுறது?

சுன்னாகம் புத்தகக்கடை:
எனக்குப் போட்டுவிடுங்கோ, பக்கத்துக் கடையில குடுக்கிறன். போனில படம் எடுத்து அனுப்பாதேங்கோ, அளவு மாறிப் போகும். எடுக்கத்தான் வேணுமெண்டால் பாதத்துக்குப் பக்கத்தில சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒண்டை வைச்சு நேர மேல இருந்து எடுங்கோ. அங்குல அடிமட்டம் ரீச்சரிட்டைக் கிடக்கட்டும்.