பழைய ரொக் கச்சேரி கசற்: ஒலி மங்கினால் என்ன செய்யலாம்?

கேள்வி (உப்புவெளி): 1972இல் டீப் பர்ப்பிள் எண்ட ரொக் குழு ஜப்பானின்ர ஒசாகாவில் வாசித்த கச்சேரி, சி-90 (90 நிமிஷ) கசற்றில இருக்கு. சிம்பல் (டிரம்ஸோட இருக்கிற உலோகத் தட்டு) ஒலி மங்கிக் கேட்குது. கணினிக்கு மாத்த முதல் என்ன செய்யோணும்?

பதில்: பிளேயரில நாடாவை வாசிக்கிற ஹெட்டை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சுக்குச்சியால துடையுங்கோ, அண்ணை. திருமலை உப்புக்காற்றுக்கு நாடாவில பூஞ்சணம் பிடிச்சிருந்தா ஓடவிடவே வேண்டாம். அது ஹெட்டில ஒட்டி மற்றக் கசற்றுகளுக்கும் பரவும்.

பதில்: துடைச்சும் மங்கலெண்டா, நாடாவுக்கு நேரா நிக்கவேண்டிய ஹெட்டின்ர சரிவு பிழையா இருக்கலாம். ஹெட்டுக்குப் பக்கத்துத் திருகாணியை, மோனோவில (இடம், வலம் ரெண்டையும் ஒண்டாக்கி) கேட்டுக்கொண்டு, மெல்லமெல்லத் திருப்புங்கோ. கைதட்டல் கூர்மையாகிற இடத்தில நிறுத்துங்கோ. நேரடிப் பதிவுக்கு அதைவிட நல்ல அளவுகோல் இல்லை. டொல்பியை (கசற் இரைச்சலைக் குறைக்கிற வசதி) போடுறது அதுக்குப் பிறகுதான்.

பதில்: கணினியில பதியேக்க 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் எண்டு வையுங்கோ, ஒலி அளவின்ர உச்சம் -6 டெசிபெல். இரைச்சல் நீக்கியைக் கூட்டினா சனத்தின்ர ஆரவாரம் தண்ணிக்குள்ள கேட்கிறமாதிரிப் போயிடும்.