மூன்று ஏக்கர் தோட்டத்தில் மரம் காட்டும் நடை: பலகை போதுமா, கூட ஆள் வேண்டுமா?

வழிகாட்டி (கேள்வி)
வணக்கம். நாகமலை அடிவாரத்தில் ஒரு கல்லூரியின் தாவரவியல் தோட்டத்தை ஞாயிறு காலையில் ஊர் மக்களுக்குத் திறந்துவிடப் போகிறோம். மூன்று ஏக்கர், 60 வகை மரம். ஆள் கூட்டிப் போய்க் காட்டும் நடையும் வேண்டும், வருகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொண்டு போகும் வழியும் வேண்டும். எத்தனை மரத்தில் நிற்கலாம்? ஒரு நடைக்கு எத்தனை பேர்? பெயர்ப்பலகையை மரத்தில் கட்டலாமா? கியூஆர் கோடு ஒட்டலாமா?

மருதநிலம்
அறுபதையும் காட்ட நினைக்காதீங்க. ஒன்றரை மணி நேரத்துக்கு 12 மரம் தாராளம். மரத்துக்கு ஐந்து நிமிஷம், மீதி நேரம் நடைக்கும் கேள்விக்கும். ஒரு ஆளுக்கு 15 பேர். அதைத் தாண்டினால் பின்வரிசைக்குக் காது கேட்காது, அவங்க பேச்சு தனியா ஓட ஆரம்பிச்சிரும். நிற்கும் இடத்தில் பேசுகிறவர் முகத்தில் வெயில் பட்டாலும் பரவாயில்லை, கேட்கிறவங்க கண்ணில் படக்கூடாது. கோடையில் ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிச்சிருங்க.

முக்கியமானது இது: பட்டை, இலை, பூர்வீகம் எல்லாம் மாறாது, அதைப் பலகையில் போடலாம். பூவும் காயும் மாறும். அதை ஆள்தான் சொல்லணும், இல்லேன்னா மாசத்துக்கு ஒரு தாள் அச்சடிச்சு வாசலில் வைக்கணும். சித்திரையில் கொன்றை பூத்துக் குலுங்கும், கார்த்திகையில் அதே மரத்தில் நீளக் காய்தான் தொங்கும். பலகையில் பூப்படம் மட்டும் போட்டால் வருகிறவங்க மரத்தையே சந்தேகப்படுவாங்க. இலுப்பை பூக்கும் மாசத்தில் விடியலுக்கே போகணும், சதைப்பற்றான வெள்ளைப் பூ அப்போதான் தரையில் புதுசாகக் கிடக்கும். பூவரசம்பூ காலையில் மஞ்சள், வாடும்போது சிவப்பு. நேற்றைய பூவையும் இன்றைய பூவையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்துக் காட்டுங்க, சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

தகரப்பலகை
மரத்தில் கம்பி கட்டவே வேண்டாம். அடிமரம் பருக்கும்போது கம்பி பட்டைக்குள் புதைந்து, இலையிலிருந்து வேருக்கு இறங்கும் உணவை நெரிக்கும். கட்டுக்கு மேலே வீக்கம் தெரிந்தால் அது தொடங்கிவிட்டது என்று பொருள். பலகையைத் தனிக் கம்பத்தில், தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில், முகம் மேல்நோக்கிச் சாய்வாக வையுங்கள். குழி தோண்டும்போது தடித்த வேர் தென்பட்டால் வெட்டாமல் இடத்தை மாற்றுங்கள். லேமினேஷன் செய்த தாள் வெயிலில் மங்கும், ஓரம் பிரிந்தால் ஐப்பசி மழை உள்ளே இறங்கும். அலுமினியத் தகட்டில் எழுத்தைப் பொறித்தால் நிற்கும்.

கியூஆர் கோடு எவ்வளவு தூரத்திலிருந்து படம்பிடிக்கப்படுமோ அதில் பத்தில் ஒரு பங்கு அகலம் இருக்க வேண்டும்: 30 செ.மீ. என்றால் 3 செ.மீ. பளபளப்பு இருந்தால் வெயில் திருப்பி அடித்து வேலை செய்யாது. சில இலவசத் தளங்களில் எடுக்கும் கோடு கொஞ்ச நாளில் காலாவதியாகும். கல்லூரியின் சொந்த இணையப் பக்கத்தையே நேரடியாகக் கோடாக்குங்கள். கம்பத்தில் பெரிதாக எண்ணும் இருக்கட்டும். போன் இல்லாதவர் தாளைப் பார்த்துக்கொள்வார்.

கடம்பவனம்
பலகை அடிக்கும் முன் பெயரைச் சரிபாருங்கள். நெட்டிலிங்கத்துக்கு ‘அசோக மரம்’ என்று எழுதும் தப்பு எல்லா ஊரிலும் உண்டு. நெட்டிலிங்கத்தின் இலை தனி இலை, ஓரம் அலையலையாக இருக்கும், பூ வெளிர்பச்சை. அசோகத்துக்குக் கூட்டிலை, ஒரே காம்பில் சோடி சோடியாகச் சிற்றிலைகள், பூ ஆரஞ்சு நிறக் கொத்து.

கடம்பிலும் கவனம். மீனாட்சியம்மன் கோயில் தலமரம் என்பதால் மதுரையில் எல்லோரும் அங்கேதான் நின்று கேட்பார்கள். வெண்கடம்புக்கு இலை ஒரு சாணுக்கு மேல் போகும், பூப்பந்து எலுமிச்சை அளவு. நீர்க்கடம்புக்கு இலை உள்ளங்கை அளவு, பந்து சிறு நெல்லிக்காய் அளவு. நர்சரியில் வெறுமனே ‘கடம்பு’ என்று கேட்டால் பெரும்பாலும் முதலாவதைத்தான் தருவார்கள். கருவேலத்தையும் சீமைக்கருவேலத்தையும் அடுத்தடுத்து நிறுத்தங்களாக வைக்கலாம். முன்னதில் மஞ்சள் உருண்டைப் பூ, விதைக்கு விதை இடுங்கி மணிமாலை போன்ற காய். பின்னதில் திரி போல நீண்ட பூ.

வழிகாட்டி
ரொம்ப நன்றி. நம்ம தோட்டத்தில் நெட்டிலிங்கத்தில் ‘அசோகம்’ என்றுதான் இருக்கு, மாற்றிவிடுகிறோம். பள்ளிப் பிள்ளைகளும் வருவாங்க. எந்தச் செடியைத் தள்ளி வைக்கணும்?

மருதநிலம்
தள்ளி வைக்க வேண்டாம், விஷச் செடியின் பலகையில் எச்சரிக்கையா ஒரு சிவப்புப் புள்ளி வையுங்க. அரளி, மஞ்சள் அரளி இரண்டும் முழுச்செடியும் விஷம். எட்டிக்கொட்டை, குன்றிமணி, ஆமணக்கு விதை, செங்காந்தள் கிழங்கு எதுவும் வாய்க்குப் போகக்கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, டாக்டரிடம் கூட்டிப் போகணும். இந்த நிறுத்தங்களில் தாங்களே சுற்றும் வழி செடியிலிருந்து ஒரு கை தூரம் தள்ளிப் போகட்டும். கூட்டிப் போகிறவர் இலையைத் தானே பறித்துக் காட்டட்டும், பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.