வாயில் குழாயோடு படுத்திருந்தவர்கள் சொல்ல வந்தது என்ன? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

செவிலியர், திருச்சி:

பதினோரு வருடமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நான் தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு கையசைவை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் தொடருங்கள்.

அந்த அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். நிமோனியா. வெண்டிலேட்டரில், அதாவது செயற்கை மூச்சுக் கருவியில், வைத்த மூன்றாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்தோம். கண் விழித்ததும் வலது கை நேராகக் கழுத்துக்குப் போனது. அந்த இடம் என்றாலே எங்களுக்குப் பயம். கழுத்து ரத்தக்குழாயில் மருந்து போகும் லைன், அதற்கு மேலே வாயில் குழாய். அரை மயக்கத்தில் குழாயைப் பிடுங்கிவிட்டால் அடுத்த ஐந்து நிமிடம் எப்படிப் போகும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு கைகளையும் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டினேன். "பாட்டி, குழாயைத் தொடக் கூடாது" என்று காது கேளாதவரிடம் பேசுவதுபோலச் சத்தம் போட்டேன். நோட்டில் 'நோயாளி அமைதியாக இல்லை' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

குழாய் குரல்நாண்களுக்கு நடுவே இறங்குகிறது. அதன் நுனியில் உள்ள சின்ன பலூனை ஊதி, சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துவிடுகிறோம். மூச்சு குரல்நாண்களைத் தொடாமலே போய்வருகிறது. முனகல்கூட வராது. அழுதால் கண்ணீர் மட்டும்தான் தெரியும்.

மறுநாளும் அதே கை, அதே கழுத்து. ஒரு கையை மட்டும் அவிழ்த்து, பக்கத்தில் உட்கார்ந்தேன். வலியா, தண்ணீரா, சளி அடைக்கிறதா, படுக்கை நனைந்திருக்கிறதா? ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலை அசைந்தது. பிறகு விரலால் கழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதே கையை நெற்றிக்குக் கொண்டுபோய், பொட்டு இருக்கும் இடத்தைப் புறங்கையால் அழித்துக் காட்டினார்.

சேர்த்த அன்று தாலியைக் கழற்றி மகனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கியது நான்தான். மயக்கம் தெளிந்து பார்த்தால் தாலியும் இல்லை, பொட்டும் இல்லை, வீட்டார் ஒருவரும் இல்லை. கணவர் போய்விட்டார் என்று நினைத்திருக்கிறார். ஒரு பகலும் ஓர் இரவும் அதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தாத்தா வெளியேதான் உட்கார்ந்திருக்கிறார் பாட்டி. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார்" என்றேன். நம்பவில்லை. பார்வையாளர் நேரத்துக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. டாக்டரிடம் சொல்லிவிட்டு அவரை உள்ளே அழைத்து வந்தேன். அவரோ கவுனும் மாஸ்க்குமாக நின்றார், அந்த அம்மாவுக்கு யாரென்றே தெரியவில்லை. மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். விதிக்கு விரோதம்தான், திட்டுகிறவர்கள் திட்டுங்கள். தாலியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தலையணை ஓரத்தில் ஊக்கால் குத்திவைத்தோம். அதற்குப் பிறகு அந்தக் கைகளைக் கட்ட வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நோயாளிக்கு மனக்குழப்பம் இருக்கிறதா என்று பார்க்க சி.ஏ.எம்.-ஐ.சி.யூ. என்று ஒரு சோதனை உண்டு. ஆங்கில எழுத்துகள் பத்தை ஒவ்வொன்றாகச் சொல்வோம். 'ஏ' வரும்போது மட்டும் அவர் நம் கையை அழுத்த வேண்டும். ஆங்கில எழுத்தே தெரியாத பாட்டி தப்பாக அழுத்தினால் குழப்பம் யாருக்கு? படம் காட்டிக் கேட்கும் வழியும் அதில் இருக்கிறது. ஆனால் மூக்குக்கண்ணாடி, பல்செட், காது மெஷின் எல்லாம் முதல் நாளே ஒரு பையில் வீட்டுக்குப் போயிருக்கும். இப்போதெல்லாம் கண்ணாடியையும் காது மெஷினையும் திரும்பக் கொண்டுவரச் சொல்லி வீட்டாரை நச்சரிக்கிறேன்.

மகள், கோயம்புத்தூர்:

என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். வாய் காலியாக இருந்ததால் உதட்டசைவைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம் என்று நினைத்தோம். வீட்டுக்குப் போனதும் கண்ணாடி முன்னால் நின்று சத்தம் இல்லாமல் 'அம்மா' என்று சொல்லிப் பாருங்கள், பிறகு 'அப்பா' என்று சொல்லுங்கள். உதடு ஒன்றுபோலத்தான் மூடித் திறக்கும். எங்கள் அப்பா தன் அப்பாவை அழைக்கிறாரா, என் அம்மாவைத் தேடுகிறாரா என்று இரண்டு நாள் விவாதமே நடந்தது.

அங்கே ஓர் எழுத்துப் பலகை இருந்தது, ஆங்கிலத்தில், 26 எழுத்துகளோடு. அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தமிழில் 247 எழுத்தையும் ஒரு பலகையில் எழுதினால் கட்டிலைவிடப் பெரிதாகிவிடும். அங்கிருந்த ஒரு சிஸ்டர்தான் வழி சொன்னார். பழைய காலண்டர் அட்டையின் பின்னால் மேலே பதினெட்டு மெய், கீழே பன்னிரண்டு உயிர். முதலில் மெய்யை விரலால் தொடுவார், பிறகு உயிரை. நாங்கள் சேர்த்துப் படிப்போம். உயிரைத் தொடாவிட்டால் புள்ளி வைத்த எழுத்து.

முதல் சொல் 'கரண்ட்'. சிஸ்டர் பதறிப்போய், கட்டிலில் ஷாக் அடிக்கிறதோ என்று ஒவ்வொரு பிளக்காகத் தொட்டுப் பார்த்தார். அப்பா கண்ணை மூடி, வகுப்பில் மந்தமான பையனிடம் காட்டும் அதே பொறுமையோடு, அடுத்த சொல்லைத் தொட்டார்: 'பில்'. கடைசித் தேதி மறுநாள். சரியாகத்தான் சொன்னார், நான் மறந்தே போயிருந்தேன்.

பிறகு குழாயில் பொருத்தும் பேசும் வால்வு வைத்தார்கள். மூச்சை உள்ளே விடும், வெளியே விடாது. அதனால் காற்று குரல்நாண் வழியாகப் போகிறது. பலூனிலிருந்து காற்றை இறக்கிவிட்டுத்தான் அதை மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆபத்து. 1985இல் அதைக் கண்டுபிடித்த அமெரிக்கர் டேவிட் முயர், தானே வெண்டிலேட்டரில் இருந்தவராம். எப்படி உட்கார்ந்து யோசித்தாரோ! அப்பா அதில் பேசிய முதல் வாக்கியம், அட்டையில் நான் எழுதியிருந்த 'ள'கரம் சரியில்லை என்பது.

நோயாளியாக இருந்தவன், 71 வயது:

சிஸ்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். "வலி இல்லையே ஐயா?" என்று கேட்காதீர்கள். நான் தலையாட்டினால் 'ஆமாம், இல்லை' என்று அர்த்தமா, 'ஆமாம், வலிக்கிறது' என்று அர்த்தமா? நம்மூர்த் தலையாட்டலே எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாதது. 'ம்ச்' கொட்டி இல்லை என்று சொல்லலாம் என்றால் வாயில் குழாய். "வலிக்கிறதா? வலித்தால் ஒரு முறை கண்ணை மூடுங்கள்" என்று ஒருவர் மட்டும் கேட்டார். அவர் டியூட்டியில் இருந்த இரவுகளில்தான் கொஞ்சமாவது தூங்கினேன்.

எனக்கு இருந்த குறை வலியே இல்லை. தலைக்கு நேர் மேலே ஏசி. எனக்கோ வழுக்கை. ஒன்பது நாள் அந்தக் காற்று உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. கேட்ட கேள்விகள் எல்லாவற்றிலும் வலி, தாகம், பயம், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். தலை மட்டும் வரவில்லை.

பத்தாம் நாள் தரை துடைக்க வந்த ஆயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கண் போன திசையில் மேலே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நான்காக மடித்து என் தலையில் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தார்.