பெட்டிக்குள்ளேயே அம்ப் இருக்கும் சிறு ஸ்பீக்கர்: ‘தன்வலு’வை விட்டு ‘உள்வலு’வுக்கு வருகிறேன்

அன்பின் குழும நண்பர்களுக்கு,

போன கிழமை இந்த இழையில் வந்த மடல்களை இரண்டு தரம் வாசித்தேன். மின்குறியைப் பெருக்கும் அம்பிளிபயர் (சுருக்கமாக அம்ப்) உள்ளேயே பூட்டிய, வீட்டில் பாட்டுக் கேட்கும் சிறு ஸ்பீக்கருக்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி. திறன் ஒலிபெருக்கி, இயங்கும் ஒலிபெருக்கி, செய்வினை ஒலிபெருக்கி என்று மூன்று வந்தன. நாலாவதாக நான் ‘தன்வலு ஒலிபெருக்கி’ என்று எழுதினேன். இப்போது நாலையும் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன், என்னுடையதையும் சேர்த்து.

முதலில் இந்தச் சொல் எனக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்கிறேன். எங்கள் வீடு மட்டக்களப்பில் கல்லடியில், கடலுக்குக் கிட்ட. அப்பாவுக்குக் கூத்து என்றால் உயிர். ஊரில் ஆடிய வடமோடிக் கூத்துகளை யாரோ பதிந்து வைத்திருந்த பழைய ஒலிநாடாக்களைத் தம்பி போனுக்கு மாற்றிக் கொடுத்திருந்தான். போனின் சின்ன வாயில் மத்தளம் தகரத்தில் தட்டுவது போலக் கேட்டது. ஒரு சோடி நல்ல ஸ்பீக்கர் வாங்கி முன்னறை மேசையில் வைப்போம் என்று பட்டணத்துக்குப் போனேன். மரப் பெட்டி, நாலு அங்குலக் கூம்பு, பார்க்க வடிவு. வாங்கி வந்து பிரித்தால் கரண்ட் வயரே இல்லை. பின்னால் சிவப்பும் கறுப்புமாக இரண்டு முனைகள் மட்டும். அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைக்குத் திரும்பப் போனேன். ‘ஸ்பீக்கர் என்றுதானே அண்ணன் கேட்டீங்க’ என்றான் பெடியன். அவன் பொய் சொல்லவில்லை. அவனிடமும் என்னிடமும் இருந்தது ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு சாமான்கள் இருந்தன. தனி அம்ப் வாங்க இன்னொரு தொகை போனது.

ஆகவே நாம் தேடும் சொல் அகராதிக்கு மட்டும் அழகாக இருந்தால் எனக்குப் போதாது. ‘இதோடு வேறு பெட்டி வாங்க வேண்டுமா, வேண்டாமா?’ என்ற கேள்விக்கு அது கடை வாசலிலேயே பதில் சொல்ல வேண்டும்.

சாமானைப் பற்றிச் சில மடல்களில் குழப்பம் இருந்ததால் அதையும் எழுதுகிறேன். கூத்தில் மத்தளமும் சல்லரியும் இருக்கின்றன. மத்தளத்தின் தொப்பிப் பக்கம் தாழ்ந்த மீடிறன் (தமிழ்நாட்டில் அதிர்வெண்), சல்லரி என்ற கைத்தாளம் உயர்ந்த மீடிறன். ஒரு கூம்பு இரண்டையும் சரியாகத் தராது. அதனால் பெட்டிக்குள் பெரிய கூம்பு ஒன்றும் சின்னக் குமிழ் ஒன்றும் வைக்கிறார்கள். மத்தளத்தைப் பெரியதுக்கும் சல்லரியைச் சின்னதுக்கும் பிரித்து அனுப்ப ஒரு சுற்று இருக்கும். பிரிப்பது எங்கே, பெருக்குவது எங்கே என்பதில்தான் வகைகள் வருகின்றன.

நான் ஏமாந்து வாங்கிய வகையில் அம்ப் வெளியே இருக்கும். அது பெருக்கி அனுப்பிய மின்குறியைப் பெட்டிக்குள் இருக்கும் கொள்ளளவிகளும் கம்பிச் சுருள்களும் பிரிக்கும். இரண்டாம் வகையில் அம்ப் பெட்டிக்குள் இருக்கும், ஆனால் பெருக்கிய பிறகுதான் பிரிப்பு நடக்கும். மூன்றாம் வகையில் மெல்லிய மின்குறியாக இருக்கும்போதே பிரித்துவிட்டு, பெரிய கூம்புக்கு ஒரு அம்ப், சின்னக் குமிழுக்கு ஒரு அம்ப் என்று தனித்தனியே பெருக்குவார்கள். ஆங்கிலத்திலும் கடைக்காரர்கள் பவர்ட், ஆக்டிவ் என்று பின்னிரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மூன்றாம் வகையிலும் அம்ப் பெட்டிக்குள்தான், ஆனால் அம்ப் உள்ளே இருப்பது எல்லாம் மூன்றாம் வகை ஆகாது.

கடையில் பிரித்தறிய ஒரு வழி உண்டு. சோடியில் ஒன்றுக்குள் அம்ப் முழுவதும் இருந்து, மற்றதுக்கு ஒரு வயர் போனால், அந்த வயரைப் பாருங்கள். இரண்டு இழை என்றால் மற்றப் பெட்டிக்குப் பெருக்கிய மின்குறி ஒன்றுதான் போகிறது, பிரிப்பு அங்கே போய்த்தான் நடக்கிறது. நாலு இழை என்றால் பெரும்பாலும் தனித்தனி அம்ப். இரண்டு பெட்டிக்கும் தனித்தனிக் கரண்ட் வயர் இருந்தால் ஒவ்வொன்றிலும் அம்ப் இருக்கிறது, ஒன்றா இரண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

> பவர் என்றால் திறன். பாடநூலில் அப்படித்தான். ஆகவே திறன் ஒலிபெருக்கி.

சென்னை நண்பர் எழுதியது. தமிழ்நாட்டுப் பாடநூலில் அது சரி. இலங்கையில் பவர் என்பது வலு. திறன் என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கைத்திறன், வாசிப்புத் திறன். அதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்மார்ட்போனைத் திறன்பேசி என்று எழுதுகிறோம். அப்படியிருக்க, திறன் ஒலிபெருக்கி என்றதும் பேச்சுக்குப் பதில் சொல்லும் ஸ்மார்ட் ஸ்பீக்கர்தான் நினைவுக்கு வரும். அது வேறு சாமான்.

‘இயங்கும் ஒலிபெருக்கி’ என்றால் பழசு விற்பவர் ‘நல்லா வேலை செய்யும்’ என்று எழுதி ஒட்டியது போல இருக்கிறது. அப்படியானால் மற்றது இயங்காததா?

‘செய்வினை’யை எழுதியவர் இலக்கணத்தில் இருந்து எடுத்தார். ஆக்டிவ், பாஸிவ் என்பதற்குச் செய்வினை, செயப்பாட்டுவினை என்று சோடியும் பொருந்துகிறது, யோசனை நல்லது. ஆனால் மட்டக்களப்பில் செய்வினை என்றால் யாரும் இலக்கணத்தை நினைக்க மாட்டார்கள். யாருக்கோ சூனியம் வைத்ததைத்தான் நினைப்பார்கள். செய்வினைப் பெட்டி என்று ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோக எங்கள் அம்மா விடமாட்டார்.

அடுத்தது ‘ஒலிபெருக்கி’ என்ற அடிச்சொல். அக்கரைப்பற்று நண்பரின் மடல் என்னை நிறைய யோசிக்க வைத்தது.

> ஸ்பீக்கர் ஒலியைப் பெருக்குவதில்லை, மின்குறியைக் காற்றின் அதிர்வாக மாற்றுகிறது. பெருக்குவது அம்ப். ஒலிபெருக்கி என்ற பெயரே பிழை.

உண்மைதான். ஆனால் பாருங்கள், நாம் பேசும் இந்தச் சாமானில் பெருக்குவதும் ஒலிப்பதும் ஒரே பெட்டியில் நடக்கின்றன. ஒலிபெருக்கி என்ற பெயர் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தும் ஒரே வகை இதுதான். அப்படியென்றால் அடைமொழி எதுவும் இல்லாமல் இதை மட்டும் ஒலிபெருக்கி என்று வைத்துக்கொண்டு, வெறும் பெட்டியை ஒலிப்பான் என்று மாற்றலாமே என்று ஒரு நாள் முழுவதும் ஆசைப்பட்டேன். நடக்காது. திருவிழாவுக்குப் பொலிஸில் எடுப்பது ஒலிபெருக்கி அனுமதி. கோயில் மரத்தில் கட்டுகிற குழாயும் ஒலிபெருக்கி. ஊரே வைத்திருக்கும் சொல்லைப் பிடுங்கி வேறு இடத்தில் நட நமக்கு உரிமை இல்லை. அது இருக்கட்டும், முன்னால் ஒரு அடைமொழி போதும்.

அம்பிளிபயருக்கு எங்கள் உயர்தரப் பௌதிகத்தில் விரியலாக்கி என்ற சொல் இருக்கிறது. ‘உள்விரியலாக்கி ஒலிபெருக்கி’ என்று எழுதினால் துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் கடையில் நின்று வாயால் சொல்லிப் பாருங்கள். பாதியிலேயே பெடியன் வேறு ஆளிடம் போய்விடுவான்.

இந்த இடத்தில் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளை நினைக்காமல் எனக்கு எழுத வரவில்லை. 1936இல் சென்னையில் கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவர். 1947இல் பழந்தமிழ் இசையை ஆராயும் யாழ்நூலைத் தந்தவரும் அவரே. விஞ்ஞானமும் படித்தவர். ஒலியையும் சொல்லையும் ஒன்றாக வைத்து உழைத்த ஒருவர் எங்கள் மண்ணில் இருந்திருக்கிறார், அவர் சமாதியும் இங்கே கல்லடி உப்போடையில் எங்கள் வீட்டுக்கு நடந்துபோகும் தூரத்தில்தான் இருக்கிறது. அதனால் இந்த வேலையைப் பொழுதுபோக்காக என்னால் செய்ய முடியவில்லை.

சரி, தன்வலுவை ஏன் விட்டேன்?

தன்வினை, பிறவினை போலத் தன்வலு, பிறவலு என்று வைத்தால் இலக்கணக் காதுக்கு இனிமையாக இருக்கும் என்றுதான் எழுதினேன். எழுதிய கையோடு ரேடியோ, ரி.வி. திருத்தும் ஒரு ஐயாவிடம் போனேன். எனக்கு அந்தப் பிறவலுச் சோடிக்கு அம்ப் தேடித் தந்தவர் அவர்தான். கடல்காற்றில் செப்பு வயர் முனைகள் பச்சை பிடித்தபோது சுரண்டிச் சுத்தம் செய்து தந்தவரும் அவரே. ‘ஐயா, தன்வலு ஒலிபெருக்கி என்றால் உங்களுக்கு என்ன விளங்குது?’ என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘அப்ப அதுக்குக் கரண்ட் தேவையில்லையா தம்பி? பற்றரியா?’ என்றார்.

அதோடு அது முடிந்தது. தன் வலுவில் ஓடுவது என்றால் வேறென்ன நினைப்பார் மனிதர்? புளூடூத்தில் பாடும், பற்றரி வைத்த, தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிற சின்ன ஸ்பீக்கர் எல்லார் வீட்டிலும் இருக்கும் காலம் இது. என் சொல் அதைத்தான் சுட்டியது.

பிறகு கேட்டேன், ‘நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ அவர் கையில் இருந்த வேலையை விட்டு நிமிராமலே சொன்னார்: ‘உள்ளுக்கு அம்ப் உள்ள பொக்ஸ், வெளிய அம்ப் வைக்கிற பொக்ஸ்.’

உள், வெளி. நாம் ஒரு கிழமையாகத் தேடியதை அவர் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆகவே என் புதிய முன்மொழிவு உள்வலு ஒலிபெருக்கி, வெளிவலு ஒலிபெருக்கி. வலுவை ஊட்டும் பகுதி எங்கே இருக்கிறது என்பதைச் சொல் நேரடியாகச் சொல்கிறது. பற்றரியா, சுவரில் செருகும் 230 வோல்ட்டா என்பதில் அது தலையிடுவதில்லை. ஐயாவிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன். விளக்கம் கேட்காமல், ‘உள்வலு என்றா கரண்ட் வயர் வரும், வெளிவலு என்றா ரெண்டு முனைதான் வரும்’ என்றார்.

கூம்புக்குத் தனி, குமிழுக்குத் தனி என்று இரண்டு அம்ப் உள்ள மூன்றாம் வகையை இருவலு என்று சொல்லலாம். உள்வலுவில் ஒரு வகை இருவலு. மூன்று கூம்பு, மூன்று அம்ப் என்றால் மூவலு. இதற்கு மேல் நீட்டத் தேவையில்லை.

ஒரு தடையை நானே எழுப்புகிறேன். வலு என்றதும் சத்தம் கூடியது என்று வாங்குபவர் நினைக்கலாம். அந்த மயக்கம் இப்போதே இருக்கிறது, வாட் கணக்கைப் பார்த்துத்தான் ஆட்கள் வாங்குகிறார்கள். பெட்டியில் பெரிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் மட்டும் எட்டும் உச்ச வலு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதை நம்பவே வேண்டாம். தொடர்ந்து தரக்கூடிய வலுவைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் 20 வாட்டை 40 ஆக்கினால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. காதுக்கு இருமடங்கு சத்தமாகப் பட ஏறத்தாழ பத்து மடங்கு வலு வேண்டும். எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அடி முன்னறைக்கு, மேசையில் இருந்து நாலைந்து அடி தள்ளியிருந்து கேட்பதற்குப் பெட்டிக்கு 20 வாட் தாராளம். சத்தத்தைக் கூட்டுவதை விட, இரண்டு பெட்டியும் கேட்பவரும் முக்கோணத்தின் மூன்று மூலையாக இருக்கும்படி வைத்து, சின்னக் குமிழைக் காது மட்டத்துக்கு உயர்த்தினால் வித்தியாசம் உடனே தெரியும். அப்பாவின் கதிரையை அப்படித்தான் தள்ளிப் போட்டேன். கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் குரல் இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருந்து வருகிறது என்று அவரே சொன்னார்.

உள்வலுதான் எப்போதும் நல்லது என்று சொல்லவும் மாட்டேன். அம்ப் எரிந்தால் பெட்டியோடு சேர்த்துத்தான் திருத்தக் கொண்டுபோக வேண்டும். வெளிவலுவில் அம்பை மட்டும் மாற்றினால் போதும். திருத்தும் ஐயா அதனாலேயே வெளிவலுப் பக்கம். இடம் குறைவு, வயர் குறைவு, வாங்கி வந்த அன்றே கேட்க வேண்டும் என்பவருக்கு உள்வலு.

‘சிறு’ என்பதைப் பற்றி ஒரு வரி. கையடக்க என்று ஒருவர் எழுதியிருந்தார். கையடக்கத் தொலைபேசி பழகிய எங்களுக்கு அது கைக்குள் அடங்குவது. நாலு அங்குலக் கூம்பு வைத்த மரப்பெட்டி கைக்குள் அடங்காது. சிறு உள்வலு ஒலிபெருக்கி என்றே இருக்கட்டும்.

சென்னை நண்பருக்கு: உங்கள் பக்கத்தில் வலு என்பது பாடநூலில் இல்லை என்று தெரியும். ஆனால் வலுவான, வலுவூட்டு என்று பேசாத தமிழர் இல்லை. உங்கள் தெருவில் ரேடியோ திருத்தும் ஒருவரிடம் உள்வலு, வெளிவலு இரண்டையும் விளக்கம் சொல்லாமல் கேட்டுப் பாருங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை அப்படியே எழுதுங்கள். அவருக்கு விளங்கவில்லை என்றால் நான் இதையும் விடத் தயார்.

மத்தளத்தையும் சல்லரியையும் பிரிக்கும் அந்தச் சுற்றுக்கு இன்னும் பெயர் இல்லை. மீடிறன் பிரிப்பான் என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். அக்கரைப்பற்று நண்பர் அதைப் பற்றி முதலில் எழுதினால் நல்லது.

அன்புடன்,
கல்லடியிலிருந்து